பிடித்தம் தானாக நடக்கும், பலன் தானாக வராது

குரூப் 4 தேர்வில் தேறி இளநிலை உதவியாளராகச் சேர்ந்த ஒருவர், முதல் சம்பளப் பட்டியலைக் களஞ்சியம் செயலியில் திறந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை ஊதியம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சிபிஎஸ், என்.ஹெச்.ஐ.எஸ்., எஃப்.எஸ்.எஃப்., எஸ்.பி.எஃப். என்று எழுத்துகளாக ஒரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. இவற்றில் எதையும் வேண்டுமா, வேண்டாமா என்று யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

தனியார் நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்தால் பல இடங்களில் காப்பீட்டை மேம்படுத்திக்கொள்ளலாமா, பெற்றோரைச் சேர்க்கலாமா என்று ஒரு படிவம் வரும், பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்நாடு அரசில் அந்தப் பேச்சே இல்லை. பதவியும் சேர்ந்த தேதியும் தெரிந்துவிட்டால் பிடித்தங்கள் தாமாக ஏறிக்கொள்ளும். இதனாலேயே பெரும்பாலோர் 'எல்லாம் ஆபீஸிலேயே பார்த்துக்கொள்வார்கள்' என்று விட்டுவிடுகிறார்கள். பணம் பிடிப்பதைப் பொறுத்தவரை அது சரி. பலனைப் பொறுத்தவரை சரியில்லை. யார் பெயரில், எந்த எண்ணில், எந்தக் குடும்ப உறுப்பினருக்கு என்ற விவரங்களை ஊழியர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டாலும் பிடித்தம் நிற்காது என்பதால், விட்டுப்போனது பல ஆண்டுகளுக்குத் தெரியவே தெரியாது.

அகவிலைப்படி உயரும்போதெல்லாம் 'சுமார் 16 லட்சம் ஊழியர்கள், ஆசிரியர்கள், ஓய்வூதியர்கள் பயன்பெறுவர்' என்று செய்தி வருகிறதே, அவர்களில் பணியில் இருக்கும் அத்தனை பேருக்கும் பொருந்தும் விஷயம் இது. சம்பளப் பட்டியலில் பெரிய தொகையிலிருந்தே தொடங்கலாம்.

சிபிஎஸ்: எண்ணைச் சரிபார்ப்பது முதல் வேலை

2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான், சுருக்கமாக சிபிஎஸ். இதற்கான அரசாணை வந்தது 2003 ஆகஸ்டில். ஆனால் ஏப்ரலிலிருந்தே முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் ஊழியரிடம் பிடிக்கப்படும், அதே அளவை அரசும் போடும். 19,500 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் சேர்ந்தவருக்கு அகவிலைப்படி 58 சதவீதம் என்றால் இரண்டும் சேர்ந்து 30,810 ரூபாய். மாதப் பிடித்தம் 3,081. அகவிலைப்படி உயர உயர இதுவும் உயரும். அகவிலைப்படி நிலுவை வந்தால் அதிலும் பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

மத்திய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டமும் இதுவும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றல்ல. அங்கே ஊழியருக்கு 'பிரான்' என்ற நிரந்தர ஓய்வூதியக் கணக்கு எண் உண்டு, பணம் நிதி மேலாளர்கள் வழியே சந்தைக்குப் போகிறது, பி.எஃப்.ஆர்.டி.ஏ. என்ற ஒழுங்குமுறை ஆணையம் மேற்பார்க்கிறது. தமிழ்நாடு அந்த ஆணையத்தோடு சேரவில்லை. இங்கே மாநில அரசே கணக்கு வைத்து, பொது வருங்கால வைப்பு நிதிக்குத் தரும் வட்டியையே இதற்கும் தருகிறது. இப்போது அது 7.1 சதவீதம். சந்தை சரிந்தால் பயமில்லை. சந்தை ஏறினால் லாபமும் இல்லை. பழைய பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலிருந்து வீடு கட்டவும் கல்யாணத்துக்கும் பணம் எடுக்கலாம். சிபிஎஸ் கணக்கில் அந்த வழி கிடையாது. பணியில் இருக்கும்வரை அது பூட்டிய பெட்டிதான்.

சேர்ந்தவுடன் செய்ய வேண்டியது சிபிஎஸ் எண்ணுக்கு விண்ணப்பிப்பது. எண் தாமதமானால் பிடித்தமும் தாமதமாகும். அப்புறம் நிலுவையைச் சேர்த்துப் பிடிக்கும் மாதங்களில் சம்பளம் கையில் நிற்காது. எண் வந்த பிறகு ஆண்டுதோறும் கணக்குத் தாளை இறக்கிப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். துறை மாறியது, மாவட்டம் மாறியது, பில் கிளார்க் எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தது என்று ஏதோ ஒரு காரணத்தால் சில மாதங்களின் தொகை கணக்கில் ஏறாமல் போயிருக்கும். சம்பளப் பட்டியலில் பிடித்தம் இருக்கும், கணக்குத் தாளில் அந்த மாதம் காலியாக இருக்கும். இதை 'மிஸ்ஸிங் கிரெடிட்' என்பார்கள். சரிசெய்ய, அந்த மாதச் சம்பளப் பட்டியல் கருவூலத்தில் பணமான தேதியும் வவுச்சர் எண்ணும் வேண்டும். போன வருடத்து எண்ணைக் கண்டுபிடிப்பது ஒரு மதிய வேலை. பதினைந்து வருடத்துக்கு முந்தையதைக் கண்டுபிடிக்க, மூன்று அலுவலகங்களின் பழைய பதிவேடுகளைப் புரட்ட வேண்டியிருக்கும், அவை கரையான் அரிக்காமல் இருந்தால்.

சிபிஎஸ் மீதான பெரிய மனக்குறை வேறு. அந்தத் திட்டத்தில் ஓய்வு பெறும்போது சேர்ந்த தொகையை வட்டியோடு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாத ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, பணியில் இறந்தால் குடும்ப ஓய்வூதியமும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஜாக்டோ ஜியோ போன்ற ஊழியர், ஆசிரியர் கூட்டமைப்புகள் போராடியது இதற்காகத்தான். ககன்தீப் சிங் பேடி தலைமையில் அரசு அமைத்த குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2026 ஜனவரி 3 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தார். கடைசி மாத அடிப்படை ஊதியத்தில் 50 சதவீதம் ஓய்வூதியம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி உயர்வு, ஓய்வூதியத்தில் 60 சதவீதம் குடும்ப ஓய்வூதியம், 25 லட்சம் ரூபாய்க்கு மிகாத பணிக்கொடை என்பவை அந்த அறிவிப்பின் முக்கிய அம்சங்கள். ஊழியரின் 10 சதவீதப் பங்களிப்பு தொடரும். பற்றாக்குறையை அரசு ஏற்கும். 'பங்களிப்பே இல்லாத பழைய திட்டம்தான் வேண்டும்' என்று கேட்டவர்களுக்கு இது முழு வெற்றி இல்லை. ஆனால் மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு வெறுங்கையாய் வீட்டுக்குப் போவதற்கும் மாதாமாதம் பாதிச் சம்பளம் வருவதற்கும் உள்ள தூரம் சின்னதல்ல. எந்தத் திட்டமாக இருந்தாலும் சரி, எத்தனை ஆண்டு பணி, எந்தத் தேதியில் பணிவரன்முறை (வேலை முறைப்படி உறுதியானது) என்பது பணிப்பதிவேட்டிலிருந்துதான் எடுக்கப்படும். அதைப் பிறகு பார்ப்போம்.

கணவர் தபால் துறையிலும் மனைவி அரசுப் பள்ளியிலும் இருக்கும் வீடுகளில் குழப்பம் இன்னும் அதிகம். மத்திய அரசு ஊழியர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்தது. அங்கே அது விருப்பத் தேர்வு. ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள் தேசியத் திட்டத்திலேயே இருப்பதா, இதற்கு மாறுவதா என்று 2025இல் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஜூன் 30 வரை தந்த கெடு செப்டம்பர் 30 ஆகி, பிறகு நவம்பர் 30 ஆனது. 25 ஆண்டுகள் பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி. பத்தாண்டு முடித்தவருக்குக் குறைந்தது மாதம் 10,000 ரூபாய். எழுதிக் கொடுக்காதவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். ஆக, ஒரே வீட்டில் இருவருக்கும் விதிகள் வேறு வேறு. ஒருவருடைய விதியை வைத்து மற்றவருக்கு யோசனை சொல்லக் கூடாது.

மருத்துவக் காப்பீடு: குடும்பம் என்பது யார்?

சம்பளப் பட்டியலில் ஒரு வேடிக்கை உண்டு. வரவுப் பக்கத்தில் மருத்துவப்படி 300 ரூபாய். பிடித்தப் பக்கத்தில் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு, அதாவது என்.ஹெச்.ஐ.எஸ்.ஸுக்கு, 300 ரூபாய். ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிக்கொள்வதுபோல் தெரியும். ஆனால் அந்த 300 ரூபாய்க்குக் கிடைப்பது சிறியதல்ல. 2021 ஜூலை 1 அன்று தொடங்கிய திட்டம் நான்கு ஆண்டுத் தொகுதிக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை தந்தது. குறிப்பிட்ட சில கடும் நோய்களுக்கும் அறுவைச் சிகிச்சைகளுக்கும் 10 லட்சம் வரை. கண்புரைக்கு 30,000, கர்ப்பப்பை அகற்றத்துக்கு 50,000 என்று தனி உச்சவரம்பு உண்டு. ஆண்டுக்கு 5 லட்சம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. நான்கு ஆண்டுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. முதல் ஆண்டிலேயே பெரிய சிகிச்சை வந்துவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிய செலவெல்லாம் இதில் வராது. மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்குத்தான் இது.

யார் யார் குடும்பம்? கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்வரை, திருமணம் ஆகும்வரை, அல்லது 25 வயது வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை. பெற்றோர் உண்டா என்றால், ஊழியர் திருமணமாகாதவராக இருந்தால் மட்டும் உண்டு. இந்த வரி கூர்மையானது. 24 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் அப்பா அம்மா பெயரைக் கொடுத்து அட்டை வாங்குகிறார். 28 வயதில் கல்யாணம். அன்றோடு விதிப்படி அப்பாவும் அம்மாவும் வெளியே. அவர்களுக்கு அப்போது 60 வயதை ஒட்டியிருக்கும், காப்பீடு மிகவும் தேவைப்படும் வயது. தனிக் காப்பீட்டுக்குப் போனால் அந்த வயதில் பிரீமியம் அதிகம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும் சொல்வார்கள். ஆகவே கல்யாணப் பேச்சு தொடங்கும் காலத்திலேயே, ஏன் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே, பெற்றோருக்கென்று தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுவது நல்லது. நம் ஊரில் கல்யாணத்துக்கு மண்டபத்தைத்தான் முதலில் பதிவு செய்கிறோம், அது வேறு.

மனைவியின் பெயரும் பிறந்த குழந்தையின் பெயரும் தாமாக ஏறாது. சம்பளம் வழங்கும் அலுவலர் வழியே, அதாவது டிடிஓ வழியே, விவரத்தைக் கொடுத்துக் காப்பீட்டு அட்டையில் சேர்க்க வேண்டும். களஞ்சியத்தில் உள்ள குடும்ப விவரம், காப்பீட்டு அட்டை, பணிப்பதிவேடு இந்த மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால், அட்டையில் பின்னால், பதிவேட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால், இரவு பதினொரு மணிக்கு மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

கட்டணமில்லா சிகிச்சை என்பது பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு. திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை என்றால் சேரும் முன்பே இரண்டையும் சரிபார்க்கலாம். மருத்துவமனை முன் அனுமதி கேட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும். ஒப்புதல் வந்த தொகைக்கு மேல் 'வித்தியாசத் தொகை' என்று கையில் கேட்பது பல இடங்களில் நடக்கிறது. அப்படிக் கேட்டால் வாய்ப்பேச்சாக விடாமல் பில்லும் ரசீதும் வாங்கிவைப்பது முக்கியம். ரசீது இல்லாத பணத்தைப் பிறகு யாரிடமும் கேட்க முடியாது. விபத்து, மாரடைப்பு போன்ற அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்குப் போயிருந்தால், செலவைத் திரும்பக் கேட்டு மாவட்ட அளவிலான குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவர் தொடர்ந்த வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றமும் அதே நோக்கில், சிகிச்சை உண்மையிலேயே நடந்ததா, ஆவணம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றது. இதெல்லாம் ஊழியருக்குச் சாதகம்தான். ஆனால் வழக்குவரை போய் வாங்குவதைவிட, டிஸ்சார்ஜ் சம்மரியையும் அசல் பில்களையும் பத்திரப்படுத்தி உரிய காலத்தில் விண்ணப்பிப்பது எளிது.

சிறு பிடித்தங்களும் நியமனப் படிவமும்

110 ரூபாய் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கு (எஃப்.எஸ்.எஃப்.) போகிறது. பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்தால் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய். முன்பு 60 ரூபாய் சந்தா, 3 லட்சம் நிதி என்று இருந்தது. சிறப்பு வருங்கால வைப்பு நிதியின் (எஸ்.பி.எஃப்.) 2000ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு மாதம் 50 ரூபாய். தொகை சிறியது என்பதால் யாரும் இவற்றைக் கவனிப்பதில்லை.

கவனிக்க வேண்டியது நியமனப் படிவத்தை, அதாவது தாம் இறந்தால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று ஊழியர் எழுதித் தரும் நாமினேஷன் படிவத்தை. சேர்ந்த நாளில் ஒரு கட்டுப் படிவங்களைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். அப்போது கல்யாணம் ஆகாதவர் அம்மா பெயரை எழுதியிருப்பார். பிறகு மனைவி, குழந்தைகள் வந்தும் படிவம் மாறியிருக்காது. ஏதாவது ஆகிவிட்டால் ஒரு பக்கம் நியமனத்தில் அம்மா, மறுபக்கம் வாரிசுச் சான்றிதழில் மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லோரும். இரண்டு பெண்களும் துக்கத்தில் இருக்கும் வேளையில் அலுவலகம் அவர்களை எதிரெதிரே நிறுத்திவிடும். கோப்பு நகராது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று தெளிவாக எழுதிப் புதிய நியமனத்தைக் கொடுத்து, பழையதை ரத்து செய்து, ஏற்கப்பட்டதற்கான கையெழுத்தோடு ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ள அரை நாள் போதும். ஒவ்வொரு திட்டத்துக்கும் நியமனம் தனித்தனி. ஒன்றை மாற்றினால் மற்றவை மாறாது.

சம்பளக் கணக்கு எந்த வங்கியில்?

செலவே இல்லாமல் கிடைக்கும் பெரிய பலன் இது என்பேன். 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு ஏழு வங்கிகளோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. அந்த வங்கிகளில் அரசு ஊழியர் சம்பளத் தொகுப்புக் கணக்கு வைத்திருப்பவர் விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 1 கோடி ரூபாய். இயற்கை மரணத்துக்கு 10 லட்சம் ஆயுள் காப்பீடு. விபத்தில் இறந்தவரின் மகள்களுடைய திருமணத்துக்கும் உயர்கல்விக்கும் தனி உதவி. ஊழியர் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே என்றால், அதே வங்கியில் சம்பளம் வருவது மட்டும் போதாது. கணக்கு அந்தத் தொகுப்பு வகைக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும். கல்லூரிக் காலத்தில் உதவித்தொகைக்காகத் தொடங்கிய சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கிளைக்குப் போய், ஊழியர் எண்ணும் சம்பளப் பட்டியலும் கொடுத்து, கணக்கு எந்த வகையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கவுண்டரில் 'எல்லாம் ஆட்டோமேட்டிக் சார்' என்று சொன்னால் அதை நம்பித் திரும்பிவிடாதீர்கள்.

விடுப்பும் முன்பணமும்

இவற்றை எல்லோரும் ஓரளவு அறிந்திருப்பதால் சுருக்கமாக. கொரோனா காலத்தில் நிறுத்திவைத்த ஈட்டிய விடுப்பு சரண்டர் (எடுக்காத விடுப்பைக் கொடுத்துப் பணமாக வாங்குவது) 2025 அக்டோபர் 1 முதல் திரும்ப வந்தது, 15 நாள் வரை. பண்டிகை முன்பணம் 10,000 ரூபாயிலிருந்து 20,000 ஆனது. பிள்ளைகளின் தொழிற்கல்விக்கு 1 லட்சம், கலை அறிவியல் மற்றும் பாலிடெக்னிக் படிப்புக்கு 50,000 கல்வி முன்பணம். திருமண முன்பணம் 5 லட்சம். முன்பணம் என்பது கடன்; மாதாமாதம் பிடிப்பார்கள் என்பதை மறந்து எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் வாங்கினால் சம்பள நாளில் சிரிப்பு வராது.

மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். இரண்டுக்குக் குறைவான பிள்ளைகள் உள்ளவர்களுக்கு என்பது விதி. முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள் இருந்த தமிழ்நாட்டு ஆசிரியை ஒருவருக்கு, மறுமணத்தில் பிறந்த குழந்தைக்காக விடுப்பு மறுக்கப்பட்டபோது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு விடுப்பு தரச் சொன்னது. தகுதிகாண் பருவத்தில் இருக்கும் பெண்களுக்கு இந்த விடுப்புக் காலமும் பருவத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும் என்ற அறிவிப்பும் அதே ஆண்டு வந்தது. இதற்கு முன் குழந்தை பெற்றுக்கொண்ட ஒரே காரணத்தால் உடன் சேர்ந்தவர்களைவிடப் பின்தங்கிய பெண்கள் எத்தனையோ பேர். வர வேண்டிய அறிவிப்பு, தாமதமாக வந்தது.

எஸ்.ஆர். எனும் பணிப்பதிவேடு

மேலே சொன்ன எல்லாம் கடைசியில் வந்து நிற்கும் இடம் எஸ்.ஆர். சேர்ந்த தேதி, பணிவரன்முறை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, விடுப்புகள், ஊதிய உயர்வு, நியமனங்கள் எல்லாம் அதில் பதிவாகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அதைக் கேட்டுப் பார்க்க ஊழியருக்கு உரிமை உண்டு. கேட்பவரை ஏதோ சந்தேகப்பிராணிபோல் பார்க்கும் கண்காணிப்பாளர்களும் உண்டு. பரவாயில்லை, கேளுங்கள். பிறந்த தேதி தவறாக இருந்தால் பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு சான்று எவ்வளவு வலுவாக இருந்தாலும் மாற்றுவது மிகக் கடினம். ஓய்வு பெறும் தேதியே அதை வைத்துத்தான்.

இந்த விவரங்கள் ஊழியருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. பாதிப் பலன்கள் அவர் இல்லாதபோது மற்றவர்கள் போய்க் கேட்டு வாங்க வேண்டியவை. சிபிஎஸ் எண், காப்பீட்டு அட்டை, நியமன நகல்கள், சம்பளக் கணக்கு வகை பற்றிய வங்கிக் கடிதம் ஆகியவை எந்த அலமாரியில் இருக்கின்றன என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். டிடிஓ யார், எந்த அலுவலகம் என்பதும் தெரிய வேண்டும். குடும்பப் பாதுகாப்பு நிதிக்கான கோப்பு அங்கிருந்துதான் புறப்படும். கருணை அடிப்படையில் வேலை கேட்பதாக இருந்தால் இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். யார் அந்த வேலைக்குப் போவது என்று குடும்பத்துக்குள் முடிவாக வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் வேண்டும். இந்தப் பேச்சிலேயே வருடங்கள் ஓடிவிடுவதுண்டு. யார் என்று முடிவானவுடன் மனுவைக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கிவிட வேண்டும். குறையும் சான்றிதழ்களைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.